திங்கட்கிழமை நகச் சோதனை

மலேசியாவில், ரந்தாவ் டவுனைத் தாண்டி இருக்கும் ஒரு தாமானில், அதாவது குடியிருப்பில், நான் பெண்களுக்கு அலங்கார நகம் போடுகிறேன். வீட்டு முன்னால் கார் நிறுத்தும் இடத்தைக் கண்ணாடிக் கதவு வைத்து அடைத்து, ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஓர் ஏர்கோன் போட்டிருக்கிறேன். அதுதான் கடை. என் கணவருடைய கார் அன்றிலிருந்து வெயிலில் காய்கிறது. அதைப் பற்றி அவர் வாரம் ஒரு முறை பேசுவார். நானும் வாரம் ஒரு முறை காதில் வாங்காமல் இருப்பேன்.

கடைக்கு வருகிற பெண்கள் உட்கார்ந்ததும் முதலில் என் கையைத்தான் பார்ப்பார்கள். பார்த்ததும் முகம் மாறும். என் பத்து விரலிலும் நகம் சதையை ஒட்ட வெட்டியிருக்கும். பாலிஷ் கிடையாது, ஜெல் கிடையாது, ஒன்றும் கிடையாது. கடைக்காரி தன் கடைச் சாப்பாட்டைத் தொடாவிட்டால் வருகிற சந்தேகம் அவர்களுக்கு வரும். வேலைக்கு இடைஞ்சல் என்று சொல்லிச் சமாளிப்பேன். அது பொய். ஞாயிற்றுக்கிழமை வந்தால் விளக்கு வைப்பதற்குள் நகத்தை வெட்டிவிட வேண்டும் என்று எனக்குள் யாரோ மணி அடிக்கிறார்கள். நாற்பத்திரண்டு வயதாகிறது, இரண்டு பிள்ளை பெற்றாயிற்று, மணி மட்டும் நின்றபாடில்லை.

மணி அடித்தது யார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் இருந்த டீச்சர்.

திங்கட்கிழமை காலையில் சபைகூடல் நடக்கும். தலைமையாசிரியர் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசி எங்களைப் பாதித் தூக்கத்தில் விட்டுவிட்டு இறங்கியதும், டீச்சர் வரிசைக்குள் நுழைவார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடப்பார். அந்த நடையைப் பார்த்தாலே வரிசை தானாக நேராகிவிடும். "கைய நீட்டு" என்பார். நீட்டுவோம். நகம் வளர்ந்திருந்தாலோ அழுக்கு இருந்தாலோ, ஐந்து விரலையும் குவித்து நுனி மேலே பார்க்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும். மர அடிக்கோலின் விளிம்பு, சரியாக அந்தக் குவிந்த நுனியில் இறங்கும். அந்த வலியை நான் விவரிக்கப் போவதில்லை. தோட்டத்துப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தெரியும். படிக்காதவர்கள் புண்ணியம் செய்தவர்கள்.

எனக்கு வாரம் தவறாமல் அடி விழும். சனி, ஞாயிறு அம்மாவோடு மரக்காட்டுக்குப் போய் ஒட்டுப்பால் பிடுங்குவேன். பால் வடிகிற மங்குக் கிண்ணத்திலும் மரத்தின் வெட்டிலும் காய்ந்து ஒட்டியிருக்கும் ரப்பரைத்தான் சொல்கிறேன். நகத்தால் நெம்பித்தான் பிடுங்க வேண்டும். அது நகத்துக்கு அடியில் போய்க் கறுப்பாக உட்கார்ந்துகொள்ளும். மண்ணெண்ணெய் போட்டோம், எலுமிச்சை போட்டோம், அப்பாவின் பல்துலக்கியால் தேய்த்து அதற்கு அப்பாவிடம் தனியாக ஓர் அடி வாங்கினேன். கறை போகவில்லை. எந்தப் பாடத்திலும் முழு மதிப்பெண் வாங்காத நான், ஆறு வருடமும் இந்த ஒரு பாடத்தில் மட்டும் ஒரு வாரம் கூட விட்டதில்லை.

பள்ளிக்கூடம் முடிந்து, நீலாயில் ஒரு தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் பூதக்கண்ணாடியில் கண்ணை வைத்துச் சின்னச் சின்னச் சில்லுகளில் கீறல் தேடினேன். அந்தக் கண்ணும் அசையாத கையும்தான் பிற்பாடு நகத்துக்கு உதவின. நகம் போடக் கற்றுக்கொண்டேன் என்று சொன்னபோது அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது. உன் நகத்தை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் துப்பில்லை, ஊரார் நகத்துக்குக் கிளம்பிவிட்டாயா என்றாள்.

மேக்னட் ஜெல் வந்ததிலிருந்து பிரெஞ்சு நகத்துக்கு மறுபடியும் மவுசு. பிரெஞ்சு என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. நகத்தின் உடம்பு வெளிர் ரோஸ், நுனி மட்டும் வெள்ளை. பிரான்சில் இருக்கிற பெண்கள் நிஜமாகவே இப்படித்தான் திரிகிறார்களா என்று எனக்குத் தெரியாது. அந்த வெள்ளை நுனிக்குப் பதிலாக இரும்புத்தூள் கலந்த ஜெல்லைப் பூசி, அது காய்வதற்குள் காந்தத்தை மேலே பிடித்தால், தூள் எல்லாம் ஒரு பக்கமாக ஓடி ஒளிக்கோடாக நிற்கும். விரலை அசைத்தால் கோடும் கூடவே அசையும். பத்து வினாடி காந்தம், உடனே ஜெல்லைக் காய வைக்கிற லேம்பு. நடுவில் யாராவது ஃபோன் அடித்தார்கள் என்று திரும்பினால் தூள் கலைந்து கோடு மங்கிவிடும். அதனால் ஒவ்வொரு விரலாகத்தான் செய்ய வேண்டும். அவசரக்காரிகளுக்கு ஆகாத வேலை.

காந்தத்தை எப்படிப் பிடிப்பது என்பது நகத்தின் வடிவத்தைப் பொறுத்தது. பாதாம்பருப்பு வடிவத்தில் நீளமாக வளர்த்தவர்களுக்கு நுனியில் சாய்வாகப் பிடிப்பேன். கோடு ஓரத்திலிருந்து ஓரத்துக்குச் சரிந்து போகும். சதுர நகத்துக்குப் படுக்கைவசமாகப் பிடித்தால் நுனி தொடங்குகிற வளைவிலேயே ஒளி தங்கும். நீளமாக, நுனி மழுங்கிய காஃபின் வடிவம் என்றால் நாலாப் பக்கமும் காந்தத்தைக் காட்டி நுனி முழுக்க வெல்வெட் துணி போல ஆக்கிவிடலாம். காஃபின் என்றால் சவப்பெட்டி. ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அதன் அர்த்தத்தைச் சொல்லித் தொலைத்துவிட்டேன். அந்த அம்மா மகளை எழுப்பிக்கொண்டு போய்விட்டார். இப்போது நான் அதைச் சம்பான் வடிவம் என்கிறேன். படகு என்றால் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. ஊசி மாதிரி கூர்நகம் கேட்கிறவர்களும் உண்டு. அதை வைத்துக்கொண்டு சோறு பிசைய முடியாது, பாத்திரம் கழுவ முடியாது. பாத்திரம் கழுவ முடியாது என்பதற்காகவே அதைப் போட்டுக்கொள்ள வருகிற ஒருத்தியை எனக்குத் தெரியும், அவள் மேல் எனக்குத் தனி மரியாதை.

கஷ்டமெல்லாம் குட்டை நகம்தான். நுனியை நூல் அளவுக்கு மெலிதாக இழுத்து, காந்தத்தை விரலோடு நேராகப் பிடிக்க வேண்டும். ஒளிக்கோடு நீளவாக்கில் நிற்பதால் இருக்கிற நகம் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். பொய்தான். ஆனால் எல்லாரும் என்னிடம் வருவது அந்தப் பொய்க்காகத்தான்.

கல்யாணக்காரர்களுக்கு மட்டும் என்னிடம் ஒரு பிரசங்கம் தயாராக இருக்கும். மஞ்சள் பிரசங்கம். நலங்கு முடிந்த பிறகுதான் நகம் போட வர வேண்டும். முன்னாலேயே போட்டுக்கொண்டு மஞ்சளில் கையை வைத்தால் அந்த வெளிர் ரோஸில் மஞ்சள் இறங்கிவிடும், சோப்புக்குப் போகாது. முன்னாலேயேதான் வேண்டும் என்றால் மேல்பூச்சு இரண்டு முறை, நலங்கின்போது கையுறை. இதை மூன்று தடவை சொல்லாமல் யாரையும் வெளியே விட மாட்டேன்.

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை காலை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ஓர் அம்மா இறங்கி, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்து வந்தார். என் கண் அவரை அடையாளம் காண்பதற்கு முன்னால் என் விரல்கள் கண்டுகொண்டன. அவை மேசைக்கு அடியில் போய்விட்டன.

தலைக்குச் சாயம் போட்டிருந்தார், கொஞ்சம் இளைத்திருந்தார். மற்றபடி அதே டீச்சர். என்னைத் தெரியவில்லை. அவர் அடித்த பிள்ளைகளையெல்லாம் நினைவில் வைத்திருப்பதென்றால் மனுஷிக்கு இன்னொரு தலை வேண்டும். நானும் சொல்லிக்கொள்ளவில்லை. உட்காரச் சொன்னேன். கையை மடியில் வைத்துக் கைப்பையால் மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

"நகமே இல்லாதவங்களுக்கும் போட முடியுமாம்மா?" என்று கேட்டார்.

முடியும் என்றேன். பிறகு அவராகவே விஷயத்தைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மகளுக்குக் கல்யாணம், தெமியாங் பக்கம் ஒரு மண்டபத்தில். மாப்பிள்ளை வேறு யாருமில்லை, அவரிடமே படித்த எங்கள் பள்ளிப் பையன்தான். கணவர் தவறி நாலு வருடம் ஆகிறது. அதனால் தாரை வார்த்துக் கொடுக்கக் கணவருடைய அக்காவும் அத்தானும் தயாராகிவிட்டார்கள். அதற்காக ஒரே நிறத்தில் சேலையும் சட்டையும் கூட எடுத்துவிட்டார்கள். டீச்சர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பெற்றது நான், வளர்த்தது நான், பிடித்துக் கொடுப்பதும் நான்தான் என்று சொன்னாராம். அன்றிலிருந்து அந்த அக்கா இவரிடம் பேசுவதில்லை. இவரைப் பற்றி மற்ற எல்லாரிடமும் பேசுகிறார்.

"மண்டபத்துல பெரிய ஸ்கிரீன் வெக்கிறாங்க. தாரை வாக்கிறப்ப கேமராக்காரன் கைய தான் காட்டுவான். ஊரே உத்துப் பாக்கும். என் கையில ஒரு கொற சொல்ல அவங்களுக்கு எடம் குடுக்கக் கூடாது."

சொல்லிவிட்டுக் கைப்பையை நகர்த்தினார். வழக்கம்போல நான், "கைய நீட்டுங்க டீச்சர்" என்றேன். டீச்சர் என்ற வார்த்தை தானாக வந்துவிட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை, கையை மேசையில் வைப்பதிலேயே குறியாக இருந்தார். வைத்தார்.

கடித்த நகங்கள். பத்தும். பாதி நகம்தான் இருந்தது, மிச்ச இடத்தில் சதை மேலேறி உப்பிப்போயிருந்தது. இரண்டு விரலில் காய்ந்த ரத்தம். பள்ளிக்கூடத்துப் பெண்ணாக இருந்த காலத்திலிருந்தே இந்தப் பழக்கம் என்றார். டீச்சராக இருந்தபோதும்தான். விட முடியவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. சாதாரணக் கோபம் இல்லை. ஆறு வருடம். எத்தனை திங்கட்கிழமை என்று கணக்குப் போடக் கூட எனக்குத் தெம்பில்லை. அந்தக் கையைத்தான் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்திருக்கிறார். நாங்கள் அதைக் கம்பீரம் என்று நினைத்தோம். என் மேசை இழுப்பறையில் கிளிப்பச்சை ஜெல் ஒன்று இருக்கிறது, பார்த்தால் கண் கூசும். கூர்நக அச்சும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து இந்தக் கையில் ஏற்றி, தெமியாங் மண்டபத்துப் பெரிய திரையில் ஊருக்கே காட்டினால் என்ன என்று ஒரு நிமிடம், பொய் சொல்வானேன், இரண்டு மூன்று நிமிடம் யோசித்தேன்.

அவர் அதற்குள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்து என் கையைப் பார்த்தார். என் நகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நீ அந்த ஒட்டுப்பால் பிள்ள தானே?"

ஆமாம் என்றேன். அவருக்கு என் பெயர் நினைவில்லை, முகம் நினைவில்லை, நகம் மட்டும் நினைவிருக்கிறது. கிளிப்பச்சையை அப்படியே உள்ளே விட்டுவிட்டு வெளிர் ரோஸை எடுத்தேன். பெரிய மனது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அசிங்கமான நகம் ஒன்று என் கடையிலிருந்து வெளியே போக நான் விட மாட்டேன், அவ்வளவுதான்.

மூன்று மணி நேரம் பிடித்தது. ஒவ்வொரு விரலுக்கும் அடியில் காகித அச்சை ஒட்டி, கெட்டி ஜெல்லால் நகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினேன். ரொம்ப நீளம் வைத்தால் பழகாத கை என்று காட்டிக்கொடுத்துவிடும். அதனால் விரல் நுனியைத் தாண்டி ஒரு மில்லிமீட்டர், ஓரம் உருண்ட சதுரம். மேலே வெளிர் ரோஸ். நுனியில் நூலளவு வெள்ளி மேக்னட் ஜெல். காந்தத்தை நேராகப் பிடித்தேன். பரீட்சை எழுதுகிற பிள்ளை போல அசையாமல் இருந்தார். முதல் விரலை லேம்பிலிருந்து எடுத்ததும் அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். வெள்ளிக்கோடு ஓடியது. அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

போகும்போது சொல்ல வேண்டியதைச் சொல்லி அனுப்பினேன். கடிக்கக் கூடாது, எண்ணெய் தடவ வேண்டும், பாத்திரம் கழுவக் கையுறை. மஞ்சள் பிரசங்கம் மட்டும் செய்யவில்லை. மேல்பூச்சும் ஒன்றுதான் போட்டேன். சனிக்கிழமை மாலை நலங்கு என்று தெரியும். தெரிந்தும் அவருக்கு அது தேவைப்படாது என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அழைப்புமணி அடித்தது. என் கணவர் போய்த் திறந்துவிட்டு வந்து, உன் டீச்சர் வந்திருக்கிறார், முகம் சரியில்லை என்றார். நைட்டியோடு ஓடினேன். டீச்சர் ஈரத்தலையில் துண்டு கட்டிக்கொண்டு, சாதாரணச் சேலையில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கல்யாண நேரத்துக்கு இன்னும் நாலு மணி நேரம் இருந்தது.

உட்கார்ந்தார். இடது கையை மேசையில் வைத்தார். ஐந்து நகமும் மஞ்சள். நல்ல, திட்டமான, கப்பல் ஏற்றினாலும் போகாத மஞ்சள். பிறகு வலது கையை முன்னால் கொண்டுவந்தார். ஐந்து விரலையும் குவித்து, நுனி மேலே பார்க்கும்படி, என் முன்னால் நீட்டினார். அதிலும் மஞ்சள்தான், கட்டைவிரலில் நான் கட்டிய நகம் பாதி இல்லை.

"கடிச்சிட்டேன்" என்றார்.

என் கையில் நகம் இழைக்கிற ஃபைல் இருந்தது. நீளமாக, தட்டையாக, ஒரு சின்ன அடிக்கோல் போல இருந்தது. இருவருமே அதைப் பார்த்தோம். நான் அதைக் கீழே வைத்துவிட்டு, குவிந்திருந்த அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் துண்டின் மேல் படிய வைத்தேன்.

மஞ்சள் எப்படி என்று கேட்டேன். நேற்று நலங்கில் அந்த அக்காதான் பெண்களை வரிசையில் நிறுத்தினாராம். தாலியோடு இருக்கிற ஏழு பேர். டீச்சரைக் கதவோரம் ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். மகள் மணையில் உட்கார்ந்துகொண்டு இவரையே பார்த்திருக்கிறாள். இவர் எழுந்து நேராகப் போய், யாரும் தொடுவதற்கு முன்னால், இரண்டு கையையும் மஞ்சள் கிண்ணத்தில் விட்டு எடுத்து மகள் கன்னத்தில் வைத்துவிட்டார். யாரும் தடுக்கவில்லை. யாரும் பேசவும் இல்லை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும்தான் பயம் வந்திருக்கிறது. கட்டைவிரல் வாய்க்குப் போய்விட்டது.

எனக்குக் காது சுட்டது. அந்த அக்கா கதவோரம் நாற்காலி போட்டார். நான் மேல்பூச்சை ஒன்றோடு நிறுத்தினேன். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. எல்லாரையும் கிண்டல் பண்ணிக்கொண்டு, எந்தச் சம்பிரதாயத்தையும் சட்டை செய்யாதவள் என்று எனக்கு நானே பட்டம் கொடுத்துக்கொண்டு திரிகிறவள் நான். தாரை வார்க்கப் போகிறேன் என்று என் எதிரில் உட்கார்ந்து சொன்னவரைப் பார்த்து, இவர் மஞ்சள் தொட மாட்டார் என்று தீர்ப்பு எழுதிவிட்டேன்.

சொல்லிவிட்டேன். "மஞ்சள் புடிக்கும்னு எல்லாருக்கும் சொல்வேன் டீச்சர். ஒங்களுக்கு மட்டும் சொல்லல. நீங்க தொட மாட்டீங்கன்னு நெனச்சிட்டேன்."

அவர் வலது கையை இன்னும் கொஞ்சம் என் பக்கம் தள்ளினார். பிறகு, "கட்டவெரல பாரு, நேரமாவுது" என்றார்.

கடித்த இடத்தை இழைத்தேன், அச்சு ஒட்டினேன், ஜெல்லை ஏற்றினேன். வெள்ளி நுனி போட்டுக் காந்தத்தை மேலே கொண்டுபோன நேரத்தில் கேட்டார்.

"ஒன்ன நெறைய அடிச்சிருக்கேன்ல?"

"திங்கக்கெழம மட்டும் தான் டீச்சர்."

"அந்த ரப்பர் கறை போவாதுன்னு எனக்குத் தெரியும்" என்றார். "தெரிஞ்சு தான் அடிச்சேன். என் கைய யாரும் பாக்கக் கூடாதுன்னா எல்லாரும் அவங்கவங்க கையவே பாத்துக்கிட்டு இருக்கணும்."

கோபம் மறுபடியும் கிளம்பி நெஞ்சு வரைக்கும் வந்தது. எழுந்து போயிருப்பேன். ஆனால் காந்தத்தைப் பிடித்திருந்தேன், பத்து வினாடிக்குக் கையை எடுக்க முடியாது. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். பத்து வருவதற்குள் அவர் கண் நிறைந்துவிட்டது. விரலை லேம்புக்குள் தள்ளினேன். மன்னித்துவிட்டேன் என்றெல்லாம் எழுத மாட்டேன், அந்த மாதிரிப் பெருந்தன்மை எனக்கு வராது. ஆனால் அந்தக் கட்டைவிரல்தான் பத்திலும் அழகாக வந்தது.

மஞ்சளையும் எடுத்துவிடலாம் என்றேன். மேல்பூச்சை இழைத்துவிட்டுப் புதிதாகப் பூசினால் போதும், அரை மணி நேரம்தான். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"இருக்கட்டும் லா" என்றார்.

எனக்குப் பதறியது. அவ்வளவு பெரிய திரையில் பார்த்தால் கறி சாப்பிட்டுவிட்டுக் கை கழுவாமல் வந்தது போல இருக்கும், என் கடைப் பெயர் கெட்டுவிடும் என்று வாதாடினேன். அந்தப் பக்கத்துப் பெண்கள் பாதிப் பேர் என்னிடம் வருகிறவர்கள். குறை சொல்ல இடம் கொடுக்கக் கூடாது என்று வெள்ளிக்கிழமை சொன்னதே நீங்கள்தானே என்றும் கேட்டேன்.

"எம் பொண்ணுக்கு நான் வெச்ச மஞ்சள். இத எதுக்கு ஒளிக்கணும்?"

புதுக் கட்டைவிரல் மட்டும் வெளிர் ரோஸில் தனியாகத் தெரிந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் எழுந்து அடுப்படிக்குப் போய் மஞ்சள்தூள் டப்பாவை எடுத்து வந்தேன். தண்ணீரில் குழைத்து அந்த ஒரு நகத்திலும் அப்பி, கால் மணி நேரம் காத்திருந்து துடைத்தோம். பத்தும் ஒன்றுபோல ஆயின. என் வாழ்க்கையில் நானாகக் கெடுத்த வேலை அது ஒன்றுதான்.

போகும்போது டீச்சர் என்னையும் கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருந்தார். பத்து மணிக்கு மண்டபத்தில் இருந்தேன். பாதி மண்டபம் எங்கள் பள்ளிக்கூடம். லாரி ஓட்டுகிறவன், மருத்துவமனையில் வேலை செய்கிறவள், நீலாயில் என்னோடு சில்லு பார்த்தவள், எல்லாரும் கோட்டும் பட்டும் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். மேடையில் ஐயர் தாரை வார்க்கக் கூப்பிட்டார். முன்வரிசையில் ஒரே நிறத்துச் சேலையும் சட்டையும் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தன. டீச்சர் அதற்குள் மேடைக்கு நடுவில் வந்து நின்றுவிட்டார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. பேச்சு அடங்கியது. பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். ஐயர் செம்பைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். மாப்பிள்ளை வேர்த்துப்போய் நின்றான்.

டீச்சர் கையை முன்னால் எடுத்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"கைய நீட்டு."

ஐயருடைய மைக் அதை மண்டபம் முழுக்கக் கொண்டுபோனது. அதே குரல். மாப்பிள்ளை கையை நீட்டினான். ஐந்து விரலையும் குவித்து, நுனி மேலே பார்க்கும்படி நீட்டினான்.

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. பிறகு பாதி மண்டபம் சிரித்தது, டீச்சரிடம் படித்த பாதி. சுற்றிப் பார்த்தேன். கோட்டு போட்டவர்கள் கையைப் பைக்குள் விட்டிருந்தார்கள். பட்டுச்சேலைகள் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டிருந்தன. என் கை இரண்டும் தொடைக்கு அடியில் இருந்தன, எப்போது போயின என்று தெரியவில்லை. மேடையில் டீச்சரும் சிரித்துக்கொண்டே மாப்பிள்ளையின் குவிந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விரித்தார். அதன் மேல் மகளின் கையை வைத்தார். செம்பை வாங்கி நீரை வார்த்தார்.

கேமராக்காரன் கிட்டே போனான். பெரிய திரையில் அந்தக் கை வந்தது, ஒவ்வொரு விரலும் ஓர் ஆள் உயரத்துக்கு. பத்து நகமும் மஞ்சள், நுனியில் வெள்ளிக்கோடு, நீர் ஊற்ற ஊற்ற அது இப்படியும் அப்படியும் ஓடியது. அவர் கழுத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று யாரும் பார்க்கவில்லை. ஆயுசு முழுக்க எங்கள் நகத்தைப் பார்த்தவரின் நகத்தை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் இருந்த லாரிக்காரன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, டீச்சர் கை அழகா இருக்குலா என்றான். நகத்து அழுக்குக்காக என்னைப் போலவே வாரம் தவறாமல் அடி வாங்கியவன் அவன்.

அன்று வீட்டுக்கு வந்து பட்டுச்சேலையை அவிழ்த்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். விளக்கு வைக்கும் நேரம் வந்தது. நகவெட்டி வழக்கமான இடத்தில், சாமி மேடைக்குப் பக்கத்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதை எடுக்கவில்லை.

மூன்று வாரம் கழித்துத்தான் வெட்டினேன். வேலைக்கு உண்மையிலேயே இடைஞ்சலாகத்தான் இருந்தது.